குடும்பப் பின்னணி என்னும் கேள்வி: உளவியல் பாடத்திட்டத்தில் சாதி எங்கே?

"உங்கள் குடும்பப் பின்னணி குறித்துச் சொல்லுங்கள்." தனியார் நிறுவன நேர்முகத் தேர்வுக்குச் சென்று வந்த எவரும் இக்கேள்வியை எதிர்கொண்டிருப்பர். கேட்பவருக்கு இது பேச்சைத் தொடங்கிவைக்கும் சாதாரண வினா. அரசு அதிகாரியின் மகனுக்கோ வணிகரின் மகளுக்கோ தம்மை அறிமுகம் செய்துகொள்ளக் கிடைத்த நல்வாய்ப்பு. தந்தை துப்புரவுப் பணியாளர், தாய் நூறுநாள் வேலைக்குச் செல்பவர் என்று சொல்ல வேண்டிய பட்டதாரிக்கோ, உண்மையைச் சொல்வதா மழுப்புவதா என்று ஒரு நொடியில் முடிவெடுத்தாக வேண்டிய சோதனை. அந்த ஒரு நொடித் தயக்கத்தை 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று மதிப்பீட்டுத் தாளில் குறித்துக்கொள்ளும் வாய்ப்பும் எதிரில் இருப்பவருக்கு உண்டு.

சமூகவியலாளர்கள் சுரீந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் டெல்லியில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து, எப்படி ஆளெடுக்கிறீர்கள் என்று கேட்டனர். அந்த ஆய்வு 2007ஆம் ஆண்டு 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியானது. சாதியைப் பார்ப்பதில்லை, திறமையை மட்டுமே பார்க்கிறோம் என்று மேலாளர்கள் உறுதிபடக் கூறினர். அதே மேலாளர்களில் ஏறத்தாழ அனைவரும், குடும்பப் பின்னணியை விசாரிப்பது மிகவும் அவசியம் என்றும் கூறினர். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே ஆண்டில், அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வை சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்திருந்தனர். நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் தொடர்ந்து 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். கல்வித் தகுதி ஒன்றே. பெயர் மட்டும் வேறு. சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு வீதம் சாதி இந்துப் பெயருக்கு 1 எனில், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. யாரும் யாரையும் நேரில் பார்க்கவில்லை. பேச்சு, உடை, ஆங்கில உச்சரிப்பு ஆகிய எவையும் ஆராயப்படவில்லை. தாளில் எழுதியிருந்த பெயரே போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் இதே சோதனையை இதே வடிவில் செய்ய முடியாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் இங்கே பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் பட்டம் போன இடத்தில் வேறு கேள்விகள் வந்து அமர்ந்தன. சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலதெய்வம் எது? மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். நான்காவது, சந்தேகத்துக்கு.

இக்கட்டுரையின் கவலை, இக்கேள்விகளைக் கேட்பவர்களைப் பற்றியது மட்டுமன்று. அவர்கள் எங்கே பயிற்சி பெற்றனர் என்பதைப் பற்றியதும் ஆகும். மனிதவள மேலாளர், தேர்வு மதிப்பீட்டாளர், ஊழியர் நல ஆலோசகர், பயிற்சியாளர் ஆகிய பணிகளுக்குச் செல்பவர்களில் கணிசமானோர் உளவியல் முதுநிலைப் படிப்பிலோ மேலாண்மைப் படிப்பிலோ 'சமூக உளவியல்', 'நிறுவன உளவியல்', 'நிறுவன நடத்தை' என்ற தாள்களை எழுதித் தேறியவர்கள். மனிதர்களைத் தரம் பிரிக்கும் அதிகாரத்தை இத்தாள்கள் அவர்களுக்குச் சான்றிதழாக வழங்குகின்றன. ஆகவே அத்தாள்களில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தலித் மக்களின் வாழ்வாதாரத்தோடு தொடர்புடைய செய்தி.

வகுப்பறையில் கற்பிக்கப்படுபவை

நம் கல்லூரிகளின் சமூக உளவியல் பாடத்திட்டத்தை எடுத்துப் புரட்டினால் அலகுகளின் வரிசை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மனப்பான்மை, தப்பெண்ணம், இணங்கல், கீழ்ப்படிதல், குழு இயக்கம், வன்முறை, உதவும் நடத்தை. நிறுவன உளவியலில் ஊக்கம், தலைமைத்துவம், பணி நிறைவு, மன அழுத்தம், நிறுவனப் பண்பாடு. ராபர்ட் பாரனும் ஸ்டீபன் ராபின்ஸும் அமெரிக்க மாணவர்களுக்காக எழுதிய நூல்களின் பொருளடக்கத்தை ஒட்டியே இந்த வரிசை அமைந்திருக்கிறது. இந்தியப் பதிப்புகளில் இந்திய நிறுவனங்களின் பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. சட்டகம் மாறுவதில்லை. சாதி பேசப்படும்போதும், தப்பெண்ணம் என்ற அலகில் இனம், பாலினம், மதம் ஆகியவற்றோடு ஒரு காற்புள்ளிக்கு அடுத்து இடம்பெறும் சொல்லாகவே வருகிறது.

இது வெறும் மறதி என்று கொள்வதற்கில்லை. ஏனெனில் இத்துறை இந்தியாவில் தொடங்கிய ஆண்டிலேயே இன்னொரு வழி திறந்திருந்தது.

1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் உளவியல் துறை உருவானது. அதன் தலைவர் நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்கிடம் பயின்றவர். மன்ஸ்டர்பெர்க், தொழிலக உளவியலின் முன்னோடி. அதே 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது இந்திய மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகளின் தோற்றம் குறித்துக் கட்டுரை வாசித்தார். அவர் அண்ணல் அம்பேத்கர். அகமணமுறையே சாதியின் அடிப்படை என்று நிறுவிய அக்கட்டுரை, அம்முறை ஒரு வகுப்பிலிருந்து மற்ற வகுப்புகளுக்கு எப்படிப் பரவியது என்று விளக்கும் இடத்தில் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியேல் டார்டின் போலச்செய்தல் கோட்பாட்டைக் கையாள்கிறது. டார்டின் அந்தக் கோட்பாடு சமூக உளவியலின் தொடக்ககால மூலங்களில் ஒன்று.

அம்பேத்கர் அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் முக்கியம். சாதிகள் உருவானதற்கு இரு விளக்கங்களை அவர் தருகிறார். ஒன்று உளவியல் சார்ந்தது: மேலே இருப்போரைப் பார்த்துச் சிலர் தம்மைத் தாமே மூடிக்கொண்டனர். மற்றொன்றை அவர் இயந்திர முறையிலானது என்கிறார்: ஏனையோர் மூடிக்கொண்டதால், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிலர் வெளியே நிறுத்தப்பட்டனர். மனத்தில் நிகழ்வதையும் மனத்துக்கு வெளியே கட்டமைப்பாக நிகழ்வதையும் ஒரே கட்டுரையில் இணைத்துப் பார்த்த இந்த அணுகுமுறை இந்தியச் சமூக உளவியலின் முதல் பாடமாகி இருக்க வேண்டும். இன்று உளவியல் படிக்கும் மாணவர் இதைச் சமூகவியல் துறையின் நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

வண்ணக் கயிறும் படிநிலையும்

குழுக்களுக்கு இடையிலான பகைமையை விளக்க வகுப்பறையில் இரண்டு ஆய்வுகள் தவறாமல் சொல்லப்படும். ஒன்று, 1954இல் ஓக்லஹோமாவின் ஒரு கோடை முகாமில் முசாஃபர் ஷெரிஃப் நடத்தியது. ஏறத்தாழ ஒத்த பின்னணி கொண்ட சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்துப் போட்டி வைத்ததும் பகை மூண்டது. இரு அணியும் சேர்ந்து செய்தாக வேண்டிய பணிகளைக் கொடுத்ததும் தணிந்தது. மற்றொன்று, பிரிட்டனின் பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் நடத்தி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டவை. இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லிப் பள்ளி மாணவர்களைக் குழுக்களாக்கியபோதும் அவர்கள் தம் குழுவினருக்குச் சாதகமாகவே காசைப் பங்கிட்டனர். தாஜ்ஃபெல் நாஜிகளிடம் தன் குடும்பத்தையும் நண்பர்களையும் பறிகொடுத்த போலந்து யூதர். அவர் எதைத் தேடினார் என்பது புரிந்துகொள்ளத்தக்கதே.

இவற்றைக் கேட்கும் தமிழ் மாணவருக்குத் தென்மாவட்டப் பள்ளிகள் நினைவுக்கு வரும். கைகளில் சாதிக்கொரு வண்ணமாகக் கயிறு கட்டி வரும் மாணவர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வெட்டிய கொடூரம். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஷெரிஃப்பின் முகாம் சிறுவர்களுக்கும் கொடிகள் இருந்தன. ஒப்பிடும் ஆசை எழுவது இயல்பு.

ஆனால் இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் உடைகிறது. ஷெரிஃப்பின் இரு அணிகளும் சமம். தாஜ்ஃபெல்லின் குழுக்களும் சமம். ஒவ்வொன்றும் தன்னை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் கருத முடியும். சாதி அவ்வாறு இயங்குவதில்லை. அம்பேத்கர் அதைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று வரையறுத்தார். கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவரைத் தவிர ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர்; மேலே பணிவும் கீழே இழிவும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன. கீழே மிதிக்க ஒருவர் இருக்கும்வரை மேலே இருப்பவரை எதிர்க்கும் தேவை மங்கிவிடுகிறது. 'நாம்–அவர்கள்' என்ற இரட்டைச் சட்டகத்தால் இதை அளக்க முடியாது. சேரியின் மீது நடக்கும் தாக்குதலை 'இரு தரப்பு மோதல்' என்று காவல்துறை பதிவு செய்வதும், 'இரு குழுக்களிடையே தப்பெண்ணம்' என்று உளவியல் மாணவர் எழுதுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் சமமான இரு குழுக்கள் என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன.

பிரியங்கா பாண்டே, கார்லா ஹாஃப் ஆகிய இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்திய ஆய்வு பாடத்திட்டங்களில் இடம்பெற வேண்டிய ஒன்று. இவர்கள் பொருளியலாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உளவியல் துறைகள் செய்யாததைப் பொருளியல் செய்தது. உயர்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 பள்ளிச் சிறுவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 சிறுவர்கள். எல்லோருக்கும் காகிதத்தில் அச்சிட்ட வழிகண்டுபிடிப்புப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. சரியான விடைக்குக் காசு. சாதி சொல்லப்படாதபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறுவர்களின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தபின், ஒடுக்கப்பட்ட சிறுவர்களின் செயல்திறன் சரிந்தது.

வகுப்பறையில் இதைச் சொன்னால் பெரும்பாலோர் உடனே கண்டடையும் விளக்கம், தாழ்வு மனப்பான்மை என்பதாக இருக்கும். ஆய்வாளர்கள் இன்னொரு சுற்று நடத்தினர். அதில் பரிசு யாருக்கு என்பதில் மனிதர்களின் முடிவுக்குப் பதிலாகக் குலுக்கல் புகுந்தது. சாதி அறிவிக்கப்பட்ட நிலையிலும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது, தம்மால் முடியாது என்று அச்சிறுவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. மதிப்பிடுபவர் நேர்மையாக மதிப்பிடமாட்டார் என்றே எண்ணினர் என்பதை நோக்கி இம்முடிவு சுட்டுகிறது. அவர்களுடைய பள்ளி அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கணிப்பு. இத்தகைய ஆய்வுகள் மீண்டும் செய்யப்படும்போது உலகெங்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. ஒற்றை ஆய்வை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதையும் மாணவர் கற்க வேண்டும். ஆயினும் இதன் தருக்கம், நம் கல்லூரிகளில் நடைபெறும் 'ஆளுமை வளர்ச்சி', 'தன்னம்பிக்கை' முகாம்களின் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. குறை மதிப்பிடுபவரிடத்தில் இருக்க, மருந்து மதிப்பிடப்படுபவருக்குக் கொடுக்கப்படுகிறது.

கொலம்பியாவில் இருந்து இன்னொரு பாதை

அமெரிக்க உளவியலை இந்தியா இறக்குமதி செய்தது என்று குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். என் குறை வேறு. அமெரிக்காவில் இருந்து எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்பதே என் கேள்வி.

அம்பேத்கர் பயின்ற அதே கொலம்பியாவில் கால் நூற்றாண்டுக்குப் பின், 1940இல் கென்னத் கிளார்க்கும் 1943இல் மேமி கிளார்க்கும் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றனர். அங்கு அப்பட்டத்தைப் பெற்ற முதல் இரு கறுப்பினத்தவர் அத்தம்பதியர்தாம். கறுப்புப் பொம்மைகளையும் வெள்ளைப் பொம்மைகளையும் 253 கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்லது, எது உன்னைப் போன்றது என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றனர். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த பிரவுன் வழக்குத் தீர்ப்பு, தன் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கையைச் சான்றாகக் காட்டியது. ஒடுக்கப்பட்ட மக்களை நொறுங்கிய ஆளுமை கொண்டவர்களாக மட்டுமே காட்டுகிறது என்று பின்னாளில் கறுப்பின உளவியலாளர்களே அந்த ஆய்வை விமர்சித்தனர். 1968இல் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டு, அமெரிக்க உளவியல் சங்கத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டனர். அதன்பின்னரே, 1970இல், கென்னத் கிளார்க் அச்சங்கத்தின் தலைவரானார்.

ஒடுக்கப்பட்டவர்கள் ஆய்வாளராக அமர்ந்ததும் கேள்விகள் மாறின. நம் பாடத்திட்டங்களில் கிளார்க் தம்பதியரின் பொம்மைச் சோதனை இடம்பெறுவது உண்டு, அது அமெரிக்க நிறவெறியின் கதையாக. நிறத்தைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பானது. தேர்வுத்தாளில் அதற்கு ஐந்து மதிப்பெண்ணும் உண்டு.

இந்தியாவில் இம்மாற்றத்தின் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. அவமதிப்பு என்ற அனுபவத்தை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டு, அது ஒருவரின் தனிப்பட்ட வேதனையாக முடிந்துவிடுவதில்லை, ஒரு கூட்டத்தின் மீது அதிகாரம் செலுத்தும் செயல் என்று காட்டும் ஆய்வுகளை டெல்லி ஐஐடியைச் சேர்ந்த யஷ்பால் ஜோக்தந்த் போன்றோர் செய்து வருகின்றனர். 1953இல் கார்ட்னர் மர்ஃபி, யுனெஸ்கோ ஏற்பாட்டில் இந்தியாவின் சமூகப் பதற்றங்களைப் பற்றி நூல் எழுதியது முதல் இன்றுவரை உள்ள நெடிய இடைவெளியை நினைத்தால், இது மிகவும் தாமதமான தொடக்கம்.

தறிக்கூடத்தில் யார் இருந்தார்கள்?

நிறுவன உளவியலில் சாதியின் இன்மை இன்னும் வியப்புக்குரியது. ஏனெனில் அத்துறையின் உலகப் புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று இந்திய மண்ணிலேயே நடந்தது.

1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு வந்தார. அங்கே தானியங்கித் தறிக்கூடத்தில் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிப் பணியைச் செய்து வந்த முறையை மாற்றி, ஒரு தறித்தொகுதிக்குச் சிறுகுழு ஒன்று முழுப் பொறுப்பேற்கும் முறையை முன்வைத்தார். உற்பத்தி பெருகியது, சேதம் குறைந்தது. 1958இல் வெளியான அவருடைய நூல் 'தன்னாட்சிக் குழுக்கள்' என்ற கருத்துக்கு அடிப்படையானது. அகமதாபாத் நகரமே இந்திய நிறுவன உளவியலின் தொட்டில் எனலாம். ஆலை முதலாளிகள் ஆதரவுடன் 1947இல் உருவான ஜவுளி ஆய்வுச் சங்கத்தில் உளவியல் பிரிவை வழிநடத்திய கமலா சௌத்ரி, பின்னர் அந்நகரில் தொடங்கப்பட்ட இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் ஆசிரியர்களில் ஒருவரானார்.

இவ்வாய்வைப் படிக்கும் மாணவருக்கு, அந்நகரின் தறிக்கூடங்களைப் பற்றிய ஒரு செய்தி சொல்லப்படுவதில்லை. பம்பாயிலும் அகமதாபாத்திலும் ஆலைகளின் நெசவுப் பிரிவு தலித் தொழிலாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது. நாடாவில் நூல் தீர்ந்து புதுக்கண்டு மாற்றும்போது, நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நாடாவைத் தொடுவது தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். ஆகவே தலித்துகள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டனர். குஜராத்தில் வன்கர் என்ற தலித் சாதியின் பெயருக்கே நெசவாளர் என்று பொருள். பரம்பரை நெசவாளர்கள் ஆலைக்குள் நுழைந்ததும் நெசவு செய்யத் தகுதியற்றவர்களாயினர். 1928 பம்பாய் ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறந்துவிடு என்ற கோரிக்கையை அம்பேத்கர் தொழிற்சங்கத்தின் முன் வைத்துப் போராட வேண்டியிருந்தது. முதலாளியிடம் மட்டும் வைக்க வேண்டிய கோரிக்கையாக அது இருக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1938இல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பேசியபோதும் அந்தப் பூட்டிய கதவைப் பற்றி அவர் பேசினார்.

தொழிலாளர்கள் தாமாகவே மனமொத்துச் சிறுகுழுக்களாகச் சேர்ந்தனர் என்று பாடத்தில் வரும்போது, யார் யாரோடு சேர முடிந்தது, யார் அந்தக் கூடத்துக்கு வெளியே இருந்தனர் என்று கேட்பதற்கு மாணவருக்கு இந்த வரலாறு தேவை. குழு ஒற்றுமை என்பது சில நேரங்களில் ஒரு சிலரை முன்கூட்டியே விலக்கிவைத்ததன் விளைவாகவும் இருக்கலாம். 'பணிக்கேற்ற மனிதர், மனிதருக்கேற்ற பணி' என்பது நிறுவன உளவியலின் அடிப்படைச் சூத்திரங்களுள் ஒன்று. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரித்தது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் காட்டியதை இச்சூத்திரத்துக்கு அருகில் வைத்துப் படித்தால், ஒரு பருவத் தேர்வுக்கான விவாதம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்கின் ஊக்கக் கோட்பாடு இன்னொரு வேடிக்கை. ஊதியம், பணிச்சூழல், பாதுகாப்பு ஆகியவற்றை அவர் 'சுகாதாரக் காரணிகள்' என்று பெயரிட்டார். எல்லாக் கல்லூரிகளிலும் இது மனப்பாடம். அக்கல்லூரியின் கழிவுத்தொட்டிக்குள் இறங்குபவரின் பணிச்சூழலும் பாதுகாப்பும் எந்தக் காரணியில் சேரும் என்று தேர்வில் கேட்கப்படுவதில்லை. மலக்குழி மரணங்களைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இந்நாட்டில் பணி உளவியல் பேச வேண்டிய முதல் பணியிடம் அது. நம் பாடநூல்களில் பணியாளர் என்றாலே குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து மன அழுத்தம் கொள்பவர்தான்.

மேல்மட்டத்தின் நிலை என்ன? 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தியாவின் முதல் ஆயிரம் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்தது. உறுப்பினர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் உயர்த்தப்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. 'நிறுவனப் பண்பாடு' என்று ஓர் அலகு முழுவதும் படிக்கும் மாணவருக்கு, அப்பண்பாடு யாருடைய பண்பாடு என்பதைச் சொல்ல இந்த ஒரு புள்ளிவிவரம் போதும்.

பழகினால் போதுமா?

தப்பெண்ணத்துக்கு மருந்தாகப் பாடநூல்கள் கூறுவது கோர்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த தொடர்புக் கருதுகோள். பழகப் பழகப் பகை குறையும் என்று சுருக்கி இதைக் கற்பிக்கிறார்கள். ஆல்போர்ட் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. சமமான தகுதிநிலை, பொது நோக்கம், கூட்டுறவு, அதிகாரத்தின் ஆதரவு ஆகிய நிபந்தனைகளை அவர் வைத்தார். நம் கிராமங்களில் தொடர்புக்குக் குறைவே இல்லை. தலித் பெண்கள் தலைமுறைகளாக ஆதிக்கச் சாதியினரின் வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் உழைத்துப் பழகித்தான் வருகின்றனர். சமநிலை இல்லாத தொடர்பு அது.

உத்தரப்பிரதேசத்தில் மாட் லோ என்ற பொருளியலாளர் நடத்தி 2021இல் வெளியிட்ட கிரிக்கெட் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. வெவ்வேறு சாதி இளைஞர்களைக் குலுக்கல் முறையில் அணிகளாக்கினார்; சில அணிகள் கலப்பு, சில ஒரே சாதி. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது, தம் சாதிக்காரருக்குச் சலுகை காட்டுவது குறைந்தது. எதிரணியாக மோதியவர்களிடம் பொதுவாக நேர்மாறான விளைவே தென்பட்டது. நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்றால், பதவி உயர்வுக்காக ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, ஆண்டுக்கு ஒருநாள் 'பன்மைத்துவ விழா' கொண்டாடுவதில் பயன் இருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கம் பார்ப்போம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013இல் சட்டம் வந்தபின், பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனமும் உள்விசாரணைக் குழு அமைத்தாக வேண்டும். ஊழியர்களுக்கு விழிப்புணர்வூட்ட வேண்டும். அச்சட்டமே பல உளவியல் பட்டதாரிகளுக்குப் பயிற்சியாளர் வேலையையும் தந்தது. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கத் தனியார் பணியிடத்தில் அதைப் போன்ற கட்டாய ஏற்பாடு ஏதும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் நடந்தபின் வருவது; அதுவும் நேர்முக அறையில் நிகழும் மென்மையான விலக்கலைத் தொடாது. உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் சமத்துவ விதிமுறைகளை வகுத்து, சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றது. 2016இல் ரோகித் வெமுலாவையும் 2019இல் பாயல் தாட்வியையும் இழந்தபின், அவ்விருவரின் தாயார் உச்ச நீதிமன்றத்தில் கேட்டதும் அந்த விதிமுறைகளை நடைமுறைப்படுத்துங்கள் என்பதைத்தான். உளவியல் துறை உள்ள கல்லூரியில் அந்த அலுவலர் யார், சமவாய்ப்புப் பிரிவில் அத்துறையின் பங்கு என்ன என்று மாணவர்கள் எழுத்துமூலம் கேட்டுப் பார்க்கலாம். அரசுக் கல்லூரியானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது.

பாடத்திட்டம் வானத்திலிருந்து இறங்குவதன்று. தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. மானியக் குழுவின் விதிப்படி அதில் துறை ஆசிரியர்களோடு வெளி வல்லுநர்கள், தொழில் நிறுவனப் பிரதிநிதி ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இடம்பெற வேண்டும். நிறுவனத்தின் தேவையைச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவரோ, நேர்முகத்தில் குலதெய்வம் கேட்கப்பட்ட பட்டதாரியோ அந்த நாற்காலிகளில் ஒன்றில் அமர விதியில் தடையேதும் இல்லை. முன்னாள் மாணவர் இடத்துக்கு இப்போது யார் நியமிக்கப்பட்டிருக்கிறார், அவரை யார் தேர்ந்தெடுத்தார் என்பதைத் துறைத் தலைவரிடம் கேட்பதில் தொடங்கலாம்.

அக்குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. முதுநிலை இறுதிப் பருவத்தில் ஆய்வேடு கட்டாயமாக உள்ள துறைகளில் தலைப்பைத் தேர்வதில் மாணவருக்கும் பங்கு உண்டு. 'கல்லூரி மாணவர்களின் கைப்பேசிப் பயன்பாடும் மன அழுத்தமும்' என்ற ஆய்வேடுகள் துறை அலமாரிகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. தம் ஊருக்கு அருகில் உள்ள தொழிற்பேட்டையில் ஆளெடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகள் என்ன, அவற்றில் எத்தனை வேலையோடு தொடர்புடையவை, சாதியை அறிய உதவும் கேள்வி எத்தனையாவதாக வருகிறது என்று முப்பது பட்டதாரிகளிடம் கேட்டு எழுதப்படும் ஆய்வேட்டுக்கு ஒரு குறிப்பேடும் பேருந்துக் கட்டணமும் போதும். கேட்கப்படுபவர்களின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வெளியே தெரியாமல் காப்பது மட்டும் ஆய்வாளரின் பொறுப்பு. அந்தப் பெயர்கள் வெளிப்பட்டால் வேலையை இழக்கப்போவது பதில் சொன்னவர்கள்தாம்.